மூன்று பெற்றோருக்குப் பிறந்த ஆடு

யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுவது நல்லது. பிறகு குழப்பம் வராது.

இடம், மலைப் பாதுகாப்பு அலுவலகத்தின் விசாரணை அறை. நேரம், காலை பதினொன்று. நீள மேசையின் தலைமாட்டில், சுழல் நாற்காலியில் மலை அதிகாரி. அவருக்கு வலப்பக்கம் பேராசிரியர். மரபணு ஆய்வகத்தின் தலைவர். இடப்பக்கம் 'மலையேறி' என்று பேரெடுத்த ஆள். காட்டாடுகளின் புழுக்கையைப் பொறுக்கிக் குழாயில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவது அவருடைய உத்தியோகம். பேராசிரியருக்குப் பின்னால், சுவரோரம், மடியில் கோப்போடு ஆய்வக உதவியாளர்ப் பெண். அவள் போட்டிருந்த மூக்குக்கண்ணாடியின் தடிமனால் அவளுக்குக் 'கண்ணாடி' என்றே பேர். மேசையின் கால்மாட்டில் துப்பறிபவர். அவர் பக்கத்தில் அவருடைய உதவியாளர். கதவோரம், யாரும் நாற்காலி கொடுக்காததால், துடைப்பதற்கு வைத்திருந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஆட்டுக்காரம்மா; துப்பறிபவரைக் கூப்பிட்டு வந்தது அவள்தான்.

துப்பறிபவரை எல்லோரும் 'மூக்கு' என்றார்கள். போலீஸ்காரர்கள் வைத்த பேர். அழுகிய பிணத்தின் பக்கத்தில் அரை மணி நேரம் நிற்பார்; அதே இடத்தில் ஒருவர் பிஸ்கட்டைக் கடித்தால் வெளியே போய்விடுவார். உதவியாளர் அவருடைய அக்கா மகள். வயது முப்பது ஆகியும் பள்ளிக்கூடத்தில் ஒட்டிய 'வால்' என்ற பேர் இன்னும் உதிரவில்லை.

மேசைமேல் எதையோ கொட்டிச் சரியாகத் துடைக்காத பிசுபிசுப்பு. அதிகாரி தேநீரில் பிஸ்கட்டை முக்கினார். அது ஊறி உள்ளே விழுந்தது. இரண்டு விரலை விட்டுத் தேடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அதே விரலால் காகிதத்தைப் புரட்டி, ஆணையைப் படித்தார்.

விஷயம் இதுதான். மலையின் மேல் பாறையில் எடுத்த பதினான்கு மாதிரியிலும் வீட்டாட்டின் ரத்தம் கலந்திருப்பது நிரூபணமாகிவிட்டது. அடிவாரத்தில் இருக்கும் ஒரே பட்டி இந்த அம்மாளுடையது. காட்டாட்டு இனத்தின் தூய்மையைக் காக்க, அவளுடைய முப்பத்தொரு ஆடுகளையும் நாளைக் காலை எட்டு மணிக்கு எடுத்து அழிக்க வேண்டியது.

"அழிக்கிறதுன்னா என்ன சார்?" என்று கதவோரத்திலிருந்து குரல் வந்தது.

"அழிக்கிறதுன்னா அழிக்கிறதுதாம்மா. அதுக்கு என்ன அர்த்தம் சொல்றது."

"எல்லாம் பால் குடுக்குற பெட்டைங்க சார். நானும் என் மருமகளும் அதை வெச்சுத்தான் அடுப்பு பத்த வைக்கிறோம். அதுங்க ஒரு நாளும் மேல் பாறைக்குப் போனதில்ல."

பேராசிரியர் சிரித்தார். "போகலன்னு நீ சொல்ற. போச்சுன்னு மரபணு சொல்லுது. மரபணுவுக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா. எங்களுக்கும் வருத்தம்தான். காட்டாட்டை நினைச்சு எத்தனை ராத்திரி தூங்காம இருந்திருக்கேன் தெரியுமா."

வால் குனிந்து, "ஆடு நனையுதேன்னு அழுத ஓநாயைக் கேள்விப்பட்டிருக்கேன் மாமா. சம்பளம் வாங்கிட்டு அழுற ஓநாயை இன்னைக்குத்தான் பார்க்கறேன்," என்றாள்.

 மூக்கு மலையேறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலையேறி வாயை அகலத் திறந்து, கடைவாயை ஒரு குச்சியால் துழாவிக்கொண்டிருந்தார். நுனியில் பச்சை நிறம் பூசிய குச்சி. எதையோ கிளப்பி எடுத்து, குச்சி நுனியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்து, திரும்ப உள்ளே போட்டுக்கொண்டார். மூக்கு ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார்.

"ரிப்போர்ட்டைக் கொஞ்சம் குடுங்க," என்றார்.

இரண்டே பக்கம். நிதானமாகப் படித்தார்.

"மொத்தம் நாற்பது டியூப். அடிவாரத்துல எடுத்தது இருபத்தாறு, மேல் பாறைல எடுத்தது பதினாலு. அடிவாரத்து இருபத்தாறும் சுத்தக் காட்டாடு. மேல இருக்கிற பதினாலும் கலப்பு. சரிதானே?"

"சரி," என்றார் பேராசிரியர்.

"பட்டி அடிவாரத்துல இருக்கு. கலப்பு உச்சியில இருக்கு," என்றாள் வால். "அப்ப இந்த அம்மாவோட ஆடுங்க பக்கத்து வீட்டுல இருக்கிறவங்களை விட்டுட்டு, செங்குத்தா நாலு மாடி ஏறிப் போய் சம்பந்தம் பேசியிருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. ஆட்டுக்காரம்மா மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னொண்ணு," என்றார் மூக்கு. "போன வருஷ ஆய்வுல ஒரு கலப்பும் இல்ல. இந்த வருஷம் பதினாலு. பதினாலுலயும் ஒரே வீட்டாட்டோட குறிதான்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்போ ஒரே வீட்டாடு, ஒரே வருஷத்துல, பதினாலு குட்டிக்குப் பெத்தவங்க."

"ஆமா. அதனால?"

"ஒண்ணுமில்ல. சாயங்காலம் வரைக்கும் நேரம் குடுங்க."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணி. நாலரைக்கு நான் வீட்டுக்குப் போகணும். அப்புறம் உங்க இஷ்டத்துக்கு நான் உட்கார்ந்திருக்க முடியாது."

வெளியே வந்ததும் மூக்கு குழாயடியில் கை கழுவினார். ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாவது முறைக்கு வால் குழாயை மூடிவிட்டாள்.

"புழுக்கை கேஸ்னு தெரிஞ்சுதானே எடுத்தீங்க?"

"புழுக்கை என்ன பண்ணுச்சு. காய்ஞ்ச புல்லு. இவங்க தொட்ட காகிதத்தைத்தான் தாங்க முடியல."

*

பட்டி ஊருக்கு வெளியே, சாலை முடிந்து மண்பாதை தொடங்கும் இடத்தில். வாலின் ஸ்கூட்டரில் அவளுக்குப் பின்னால் மூக்கு, அதற்குப் பின்னால் இடமில்லாத இடத்தில் ஆட்டுக்காரம்மா. போய்ச் சேருவதற்குள் மூன்று பேரில் யாருடைய முழங்கால் யாருடையது என்று தெரியாமல் போய்விட்டது.

மூக்கு பட்டிக்குள் நுழைந்து நடுவில் நின்றார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். வைக்கோல், ஈர மண், பால், புழுக்கை. மறுபடியும் இழுத்தார். ஒரு பெட்டை வந்து அவர் சட்டையின் நுனியை மென்றது. அவர் விலக்கவில்லை. வால் அதை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"இங்க ஒரு நாத்தம் இல்ல," என்றார்.

"நாத்தம் இல்லாததுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?"

"கிடா எங்கேம்மா?"

"கிடாவா?" ஆட்டுக்காரம்மா அவரை விவரம் தெரியாதவரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "பால் விக்கிற பட்டில யாராவது கிடா வெச்சுக்குவாங்களா சார்? அது கூட நின்னாலே அந்த வீச்சம் பால்ல ஏறிடும். ஒரு வாய் குடிச்சவங்க மறுநாள் பாத்திரத்தைக் கவுத்து வெச்சுடுவாங்க. பருவம் வந்தா நானும் மருமகளும் ரெண்டு ரெண்டா ஓட்டிட்டுப் போய் ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டில விட்டுட்டு, அன்னைக்கே கூட்டிட்டு வந்துடுவோம்."

"கிடாக்குட்டி பிறந்தா?"

"பால் மறந்த வாரமே வித்துடுவேன். அதுங்க வளர்ந்து வாடை அடிக்கிற வரைக்கும் வெச்சிருந்தா என் பொழப்பு நாறிடும்."

"ஒரு பெட்டை வருஷத்துக்கு எத்தனை குட்டி போடும்?"

"ரெண்டு. நல்லாத் தின்னா நாலு."

வால் விரல்விட்டு எண்ணினாள். "ஒரே வருஷத்துல பதினாலு பிள்ளைக்கு ஒரே ஆடு பெத்தவங்கன்னா, அது தாயா இருக்க முடியாது. தகப்பனாத்தான் இருக்கணும். தகப்பன் இந்தப் பட்டிலயே கிடையாது." சற்று நிறுத்தி, "அந்த ரிப்போர்ட்டை எழுதினவங்க யாரும் ஒரு ஆட்டைக்கூட உயிரோட பார்த்ததில்லையா மாமா?" என்றாள்.

"தட்டுல பார்த்திருப்பாங்க," என்றார் மூக்கு.

*

ஆய்வகத்தில் பேராசிரியர் இல்லை; சாப்பிடப் போயிருந்தார். கண்ணாடி மட்டும் இருந்தாள். வெள்ளை மேசை, வரிசையாகக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு. உலகத்தில் இருக்கும் புழுக்கைகளில் இவ்வளவு சுத்தமாக வைக்கப்பட்டவை இவை மட்டும்தான் இருக்கும். மூக்கு அந்த அறையிலும் நிம்மதியாக மூச்சு விட்டார்.

சுவர் அலமாரியில் ஒரு பெட்டி நிறையப் பச்சை நுனிக் குச்சிகள்.

"இது எதுக்கு?"

"புழுக்கையைக் கையால தொடக்கூடாது சார். நம்ம கை பட்டா நம்ம குறி ஒட்டிக்கும். முதல் புழுக்கையைத் தூக்கின குச்சி, அடுத்ததைத் தொடக்கூடாது. ஒரு டியூப்புக்கு ஒரு குச்சி. எடுத்து முடிச்ச குச்சியையும் உறைல போட்டு டியூப்போட அனுப்பணும். அது எங்க கணக்கு."

"நாற்பது டியூப்புக்கு நாற்பது குச்சி குடுத்தீங்க. திரும்ப எத்தனை வந்துது?"

கண்ணாடி பதிவேட்டைப் பார்க்காமலே சொன்னாள். "இருபத்தாறு. மிச்சம் பதினாலும் மேல் பாறைல காத்துல பறந்துடுச்சுன்னு மலையேறி சொன்னார்."

"பறக்கலம்மா. அவர் கடைவாய்ல இருக்கு."

அவளுக்கு முகம் கோணிப்போயிற்று. மூக்கு அவளுக்காக ஒரு கணம் இரங்கினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளெதிரே உட்கார்ந்தார்.

"அந்தப் பதினாலுல ஒண்ணோட படத்தைக் காட்டுங்க. ரிப்போர்ட்ல இருக்கிறது வேணாம். மெஷின் முதல்ல போட்டுக் குடுத்தது."

அவள் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு கீழ் இழுப்பறையைத் திறந்து ஒரு சுருளை எடுத்து மேசைமேல் விரித்தாள். நீளக் காகிதத்தில், சமவெளியில் திடீர் திடீரென்று எழும்பும் குன்றுகள் மாதிரிக் கோடு.

"ஒவ்வொரு ஆட்டுக்கும் நாங்க பத்து இடத்துல குறி பார்ப்போம்," என்றாள். "இது முதல் இடம். ஒரு இடத்துல ரெண்டு மேடு வரும். ஒண்ணு தாய் குடுத்தது. ஒண்ணு தகப்பன் குடுத்தது. ரெண்டு பேரும் ஒரே மாதிரிக் குடுத்திருந்தா ஒரே மேடா விழும்."

வால் காகிதத்தின்மேல் கவிழ்ந்தாள். "இங்க மூணு இருக்கே."

கண்ணாடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அம்மா ஒண்ணு, அப்பா ஒண்ணு. மூணாவது யாரு? ஜாமீன் கையெழுத்துப் போட்டவரா?" வால் விரலை நகர்த்தினாள். "அடுத்த இடத்துல நாலு. மாமா, இந்த ஆட்டை ஒரு குடும்பமே சேர்ந்து பெத்திருக்கு."

"ஒரு பிராணிக்கு ரெண்டுக்கு மேல வராது இல்லையா?" என்றார் மூக்கு.

"வராது சார்."

"வந்தா?"

"டியூப்புக்குள்ள ரெண்டு பிராணி இருக்குன்னு அர்த்தம்."

"அப்போ ரிப்போர்ட்ல மட்டும் எப்படி ரெண்டு ரெண்டா இருக்கு?"

அவள் ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பத்து வரி. ஒவ்வொரு வரியிலும், குறிக்கு இரண்டே கட்டம்.

"மூணாவதை எழுத இடமே இல்ல சார். பெரிய மேடு ரெண்டை எடுத்து எழுதுன்னு சொன்னாங்க. எழுதினேன். பெரிசுல ஒண்ணு காட்டாட்டோடது. இன்னொண்ணு வீட்டாட்டோடது. கட்டத்துல போட்டதும் பார்க்கிறவங்களுக்கு…"

"காட்டாடு ஒண்ணும் வீட்டாடு ஒண்ணும் சேர்ந்து பெத்த குட்டியாத் தெரியும்," என்று மூக்கு முடித்தார். "இந்தப் பதினாலு குட்டியும் எந்தப் பாறைலயும் பிறக்கல. உங்க படிவத்துல பிறந்திருக்கு."

"பதினாலுலயும் ஆணுக்கான அடையாளம் வேற இருக்கு சார். ஒண்ணுகூடப் பெட்டை இல்ல. அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துது."

"பெரிய மேடு ரெண்டை எழுதச் சொன்னது யாரு?"

கண்ணாடி சுருளைச் சுருட்டத் தொடங்கினாள். "அது… வழக்கம் சார்," என்றாள்.

*

மலையடிவாரத்தில் அலுவலகத்துக்குச் சொந்தமான ஒரு தங்கும் விடுதி இருந்தது. மாதிரி எடுக்கப் போகிறவர்கள் அங்கேதான் தங்குவார்கள். ஸ்கூட்டரை விட்டு இறங்கி வாசல்வரைகூட மூக்கு போகவில்லை. கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டார்.

"அந்த நாத்தம் இங்க இருக்கு," என்றார்.

வராந்தாத் தூண் ஒன்றில், முழங்கால் உயரத்தில், எதுவோ உரசி உரசிக் கரிய எண்ணெய்ப் பளபளப்பு ஏறியிருந்தது. அதில் நான்கைந்து முரட்டு மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. தூணைச் சுற்றிக் கயிறு அறுத்த பள்ளம். மழை பெய்து, வெயில் அடித்து, கழுவியும் விட்டிருக்கிறார்கள், வாடை போகவில்லை. கிடாவின் வாடை அப்படித்தான், கெட்ட பெயர் மாதிரி, ஆள் போன பின்னும் இருக்கும்.

விடுதிக் காவலாளி கொட்டாவியோடு வந்தார்.

"இங்க கட்டியிருந்த கிடா எங்கண்ணே?" என்றாள் வால், பழகியவள் மாதிரி.

"கிடாவா? அது முடிஞ்சுதும்மா. அதிகாரி அய்யா ஆறு மாசமா வளர்த்தார், நல்லா கொழுகொழுன்னு. ரிப்போர்ட் வந்த சந்தோஷத்துல போன வாரம் விருந்து. அய்யா, அந்தப் பேராசிரியர், நம்ம மலையேறி, மூணு பேரும்தான். பேராசிரியர் மூணு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எலும்பை உறிஞ்சின சத்தம் வாசல் வரைக்கும் வந்துது."

மூக்கு தூணுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"மலையேறி மாதிரி எடுக்க வந்தப்ப எத்தனை நாள் தங்கினார்?"

"எட்டு நாள். முதல் ரெண்டு நாள் கீழ சுத்தினார். அப்புறம் மழை. இதே வராந்தால உட்கார்ந்து என்னோட சீட்டு ஆடினார். மேல போகலையான்னா, வழுக்கும்டான்னார். நல்ல மனுஷன். அவர் பூட்ஸை நான் ஒரு நாள்கூடத் துடைக்க வேண்டி வந்ததில்ல."

திரும்பி வரும்போது பாதி வழியில் வால் ஸ்கூட்டரின் வேகத்தைக் குறைத்தாள். பிறகு, "மாமா, சாட்சியைத் தின்னுட்டாங்க," என்றாள்.

"மூணு தரம்," என்றார் மூக்கு.

*

நாலு மணி. அதே அறை. எல்லோரும் காலையில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். பிஸ்கட் தட்டில் எறும்பு.

மூக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். கிடா இல்லாத பட்டி. திரும்பி வராத பதினான்கு குச்சி. மூன்று மேடு. தூண். சொல்லச் சொல்ல மலையேறியின் கை பையிலிருந்து வெளியே வரவில்லை.

"மேல் பாறைக்கு நீங்க போகவே இல்ல," என்றார் மூக்கு.

மலையேறி மேசையைப் பார்த்தபடி பேசினார். "மழை சார். வழுக்கும். டியூப்புக்கு ஆறு புழுக்கை போடணும்னு விதி. கீழ எடுத்ததுல எங்கிட்ட நாற்பத்திரண்டு மிச்சம் இருந்துது. பதினாலு டியூப்புக்கும் மூணு மூணு போட்டேன். மிச்சம் மூணு மூணுக்கு வராந்தாலயே கிடாவோடது கிடந்துது. கழுதை விட்டைல முன் விட்டை என்ன பின் விட்டை என்னன்னு நினைச்சேன். முழுசாப் போலியாப் போட எனக்கு மனசு வரல சார். எல்லாத்துலயும் பாதியாவது நிஜம் இருக்கட்டும்னு பார்த்தேன்."

"நான் பால்ல தண்ணிகூடக் கலந்ததில்ல," என்றாள் ஆட்டுக்காரம்மா, யாரிடமும் இல்லாமல்.

மலையேறியின் காது சிவந்தது. மூக்கு அதிகாரியின் பக்கம் திரும்பினார். வழக்கமாக இந்த இடத்தில்தான் மேலே இருப்பவர்கள் திடுக்கிடுவார்கள், மேசையைத் தட்டுவார்கள், கீழே இருப்பவனிடம் கத்துவார்கள். அதிகாரி அப்படி எதுவும் செய்யவில்லை. பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் புன்னகை செய்தார்.

"எனக்கு முதல் நாளே தெரியும்," என்றார் பேராசிரியர்.

வால் நிமிர்ந்தாள்.

"மூணாவது மேட்டைப் பார்த்ததும் தெரியாதா? முப்பது வருஷமா இதைத்தானே பார்க்கறேன். எங்கேயோ கலந்துட்டான்னு தெரிஞ்சுது. பெரிசு ரெண்டை எழுதும்மான்னு நான்தான் சொன்னேன். காட்டாடு சுத்தமா இருக்குன்னு கட்டுரை எழுதினா எவன் சார் படிப்பான்? கலந்துடுச்சுன்னு எழுதினேன். மூணு மாநாட்டுல கூப்பிட்டிருக்காங்க."

"அதுக்கு முப்பத்தொரு ஆடா?" என்றார் மூக்கு.

"ஊர்ல ஆட்டுக்கா பஞ்சம்?"

"ஆணைல ரெண்டாவது பத்தி ஒண்ணு இருக்கு," என்றாள் வால். அவள் குரலில் காலையில் இருந்த குறும்பு இல்லை. "மேல் பாறைல இருக்கிற கலப்பு ஆட்டையெல்லாம் அடுத்த வாரம் சுடணும்னு. அங்க எத்தனை இருக்குன்னே யாரும் போய்ப் பார்க்கல. இருக்கிறது அத்தனையும் சுத்தமாத்தான் இருக்கும். அதையும் சுடுவீங்களா?"

"ஆணை என் கையெழுத்தோட போயாச்சு," என்றார் அதிகாரி. "இப்ப வாபஸ் வாங்கினா ஏன் எதுக்குன்னு கேள்வி வரும். எந்தக் கிடான்னு வரும். எங்க கட்டியிருந்துதுன்னு வரும். வேண்டாம். காலைல எட்டு மணிக்கு வண்டி வரும். இந்த அறைல பேசினது இந்த அறையோட."

காலையில் தேநீரில் விழுந்த பிஸ்கட்டின் மிச்சம் கோப்பையின் அடியில் சேறு மாதிரிப் படிந்திருந்தது. மூக்கு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ திருடர்களை, இரண்டு கொலைகாரர்களை அவர் நேருக்கு நேர் பார்த்திருக்கிறார். அவர்களிடம் கோபம் வந்திருக்கிறது, சில சமயம் பரிதாபம்கூட. குமட்டல் வந்ததில்லை.

ஆணையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பொடி எழுத்து. யாரும் படிக்காத இடம்.

"'சான்றை வாசித்து ஒப்பமிட்டவர், அதில் பிழை உண்டென எழுத்து மூலம் தெரிவித்தால், தலைமை அலுவலகத் தபால் மேடையில் முத்திரை விழும் நேரத்திலிருந்து, மறு விசாரணை முடியும்வரை இவ்வாணை நிற்கும்.' வாசிச்சு ஒப்பமிட்டவர்னு இருக்கு. தலைவர்னு இல்ல. ஒவ்வொரு படிவத்துக்கும் அடியில கையெழுத்து யாரோடது?"

பேராசிரியர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் கட்டைவிரலைக் காட்டி, "அவளா? அவ எழுத மாட்டா," என்றார். "அப்பாவுக்கு வைத்தியம் பார்க்கணும், தம்பிக்குப் படிப்பு. அவ வேலை என் கையில."

சுவரோரத்தில் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. பேராசிரியர் திரும்பியபோது, கண்ணாடி கதவருகே ஆட்டுக்காரம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையில் சுருள்.

"தலைமை அலுவலகம் எத்தனை மணிக்கு மூடுவாங்க?" என்று மூக்கிடம் கேட்டாள்.

"அஞ்சு."

"உட்காரு," என்றார் பேராசிரியர்.

அவள் உட்காரவில்லை.

*

தலைமை அலுவலகத்தின் கீழ்த்தளம். தபால் மேடை. சங்கிலியால் கட்டிய பேனா, சாய்ந்த பலகை, பசைக் கிண்ணம். கிண்ணத்தில் மூன்று ஈ செத்து மிதந்தன. கடிகாரத்தில் நாலு முப்பத்தெட்டு.

"வாசகம் சொல்லட்டுமா?" என்றார் மூக்கு.

"வேண்டாம் சார். நான் எழுதின தப்பு. நானே எழுதறேன்."

எழுதினாள். அடித்தல் திருத்தல் இல்லாமல், ஆய்வகப் பதிவேட்டில் எழுதுவது போலவே:

'மேல் பாறை மாதிரிகள் பதினான்கிலும் ஒரு குறியிடத்தில் மூன்றும் நான்கும் மேடுகள் தெரிந்தன. ஒரே பிராணியில் இது நேராது. குழாய்களில் இரண்டு பிராணிகளின் புழுக்கை கலந்திருந்தது. படிவத்தில் இரண்டு கட்டமே இருந்ததால் பெரிய இரண்டை மட்டும் எழுதினேன். எழுதும்போதே தவறென்று அறிவேன். கலப்பு ஆடு என்று ஒன்றும் இந்த மாதிரிகளில் இல்லை. இயந்திரத்தின் மூலப் படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.'

'எழுதும்போதே தவறென்று அறிவேன்' என்ற வரியில் மூக்கு விரலை வைத்தார். "இது தேவையில்ல. இது இல்லாமலே ஆணை நிற்கும். இதைப் போட்டா உங்க மேலயும் நடவடிக்கை வரும்."

"நிஜத்துல பாதியைப் போடச் சொல்றீங்களா சார்?"

மூக்கு விரலை எடுத்துக்கொண்டார்.

ஆட்டுக்காரம்மா இரண்டடி தள்ளி நின்றாள். எழுதிய எதையும் அவளால் அங்கிருந்து படிக்க முடியாது. "பாப்பா," என்றாள், "உனக்கு இதனால ஒண்ணும் ஆகாதே?"

"ஆகும்மா," என்றாள் கண்ணாடி.

 ஆட்டுக்காரம்மா கிட்டே வந்து, காகிதம் பறக்காமல் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். வாலுக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. அன்று முழுவதும் அது முதல் தடவை.

கண்ணாடி கையெழுத்துப் போட்டாள். படங்களை மடித்து, கடிதத்தோடு சேர்த்து, பெரிய உறையில் செருகினாள். பெறுநர் இடத்தில் தலைமை அதிகாரியின் பதவியை எழுதினாள். அனுப்புநர் இடத்தில் ஆய்வகத்தின் பேரைத் தொடங்கி, முதல் சொல்லோடு நிறுத்தினாள். அந்தச் சொல்லை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, தன் வீட்டு முகவரியை எழுதினாள். தெரு, கதவு எண், மாடி.

மூக்கு பசைக் கிண்ணத்தை எடுத்து, ஈக்களைக் குச்சியால் ஒதுக்கி, அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அவள் பசையைத் தடவி, மடிப்பை மூடி, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு போனாள். பிறகு ஒரு தடவை திரும்ப.

மேடைக்காரர் உறையை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார். நாலு ஐம்பத்திரண்டு. முத்திரையை மைப்பெட்டியில் ஒற்றி ஓங்கிக் குத்தினார். கதவருகே காத்திருந்த கடைநிலை ஊழியர் உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.